வீட்டுக்கொரு நோய்

"இன்னிக்கு வயித்துவலி யாரு வீட்டு முறை?"

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த கன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்த கையோடு கேட்டாள்.

"குப்பன் வீடு" என்றது கூட்டம்.

"போன மாசந்தானேக்கா காய்ச்சல்ல படுத்தேன்? ஒரு மனுசனுக்கு எத்தன நோவுதான் வரும்!" என்றான் குப்பன். ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருந்தான்.

நோணாங்குப்பத்து ஆற்றோரம் இருந்த அந்த மீனவர் குப்பத்தில், 1958ஆம் வருஷம், நோய் என்பது மருந்துக்கும் கிடையாது. கடைசியாகத் தும்மியவருக்கு வயது எழுபது, அதுவும் மூக்குப்பொடியால். அங்கே போய் மர்த்தின் என்ற பிரெஞ்சுக்காரப் பெண், நர்ஸ் படிப்பு படிப்பவள், ஏழைகளுக்குத் தொண்டு செய்வதற்காக மருந்துப் பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டு நாள் ஈ ஓட்டினாள்.

மூன்றாம் நாள் சாமிக்கண்ணு ஊரைக் கூட்டினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். குப்பத்தில் அவள் பாஷை தெரிந்த ஒரே ஆள்.

"நூறு நோயாளி பேரு நோட்டுல ஏறலேன்னா அந்தப் பொண்ணு பரீட்சையில பெயிலு. தகப்பன் இல்லாத பொண்ணு, பாத்துக்குங்க."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திருவிழாவுக்கு முறை வைப்பதுபோல் நோய்க்கும் வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள். அவள் கொடுத்த மாத்திரைகள் நேரே ஆற்றுக்குப் போயின. அந்த வருஷம் ஆற்று மீன் ஒன்றுக்குக்கூடத் தலைவலி வந்ததில்லை.

நோயாளி "வலிக்குது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாமிக்கண்ணு அதைக் கால் மணி நேரம் பிரெஞ்சில் சொல்வார். மர்த்தின் பதில் சொல்வாள். அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "மூணு வேளை முழுங்கணுமாம்" என்பார். பிரெஞ்சு ரொம்ப நீளமான பாஷை என்று கன்னியம்மாள் நினைத்துக்கொள்வாள்.

இப்போது நோட்டில் தொண்ணூற்றொன்பது பேர். இன்று சாயங்காலம் அவளை அழைத்துப்போகக் கார் வருகிறது.

"சீக்கிரம் போடா! ஒத்த ஆளால அந்தப் பொண்ணு பெயிலாவணுமா?"

"இன்னிக்கு ஊசியாம்க்கா!" குப்பன் கடற்கரைப் பக்கம் ஓட்டம் பிடித்தான்.

"சுறா வாயில கைய வுடுறவன் ஊசிக்கு ஓடுறான் பாரு!"

கன்னியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே போய் உட்கார்ந்தாள். ஊசி ஏறியது. நூறாவது பேரும் நோட்டில் ஏறியது. மர்த்தின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாஸாகிவிட்ட பெண்ணைப் பார்த்துக் கன்னியம்மாளும் அழுதாள்.

காரில் வந்தவள் கமலவேணி டீச்சர். டவுன் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவள். மர்த்தின் அவளிடம் விசும்பி விசும்பி ஏதோ சொன்னாள்.

"பொண்ணு பாஸுதானே டீச்சர்?" என்றாள் கன்னியம்மாள்.

"பாஸா? பரீட்சை எல்லாம் ஒண்ணும் கெடையாதே! பதினஞ்சு நாள் இருந்துட்டுப் போகத்தான் வந்தாளாம். நூறு பேரு நோவுல கெடக்கறோம், நீ போயிட்டா ஒருத்தரும் பொழைக்க மாட்டோம்னு நீங்கதான் அழுதீங்களாமே? பாவம், கப்பலைக்கூட விட்டுட்டு மூணு மாசம் இருந்திருக்கா."

கார் கிளம்பிப் போய்விட்டது. கன்னியம்மாளுக்கு ஊசி போட்ட இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

"சொல்தா மாமா!"

குப்பமே திரும்பிப் பார்த்தது. சாமிக்கண்ணு கார் கிளப்பிய புழுதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கிட்டுப் போயி நாலு வருஷமாச்சு, கன்னியம்மா. பிரெஞ்சுல பேச எனக்கும் ஒரு ஆளு வேணாமா?"