தினமும் ஒரு கிலோ

"கத்தரிக்கா ஒரு கிலோவே இருக்கட்டும்க்கா. இன்னைக்கும் விருந்தாளுக இருக்காக," என்றாள் கௌசல்யா.

நாகல் நகரில் அந்த மாடி வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்தே எட்டு மாதமாகிறது. தனியாக இருக்கும் கௌசல்யாவுக்குப் பெங்களூர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே; அங்கே பேச்செல்லாம் கீபோர்டில்தான். சாயங்காலம் தற்செயலாக இருமினால், அந்தச் சத்தம் வேறு யாருடையதோ போலிருக்கும்.

தினம் ஒரு ஆளிடமாவது நேரில் பேசச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள், பதினோரு மணிக்குப் படியேறி வரும் காய்க்கார வியாகுலம்மாள்.

முன்பெல்லாம் தெருமுனையிலேயே வியாகுலம்மாளின் குரல் கேட்கும், தலையில் கூடை இருக்கும். இப்போது சில மாதங்களாகக் கையில் ஒரு பை மட்டும். மூட்டுவலி போல என்று கௌசல்யா நினைத்துக்கொண்டாள்.

பெரிய பேச்சு ஒன்றுமில்லை. ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, ஊரில் மழை உண்டா. மகன் திருப்பூரோடு போய்விட்டதாகவும், வீட்டில் தான் ஒண்டியாகக் கிடப்பதாகவும் வியாகுலம்மாள் ஒருமுறை சொன்னாள். பத்து நிமிடம். அதற்குப் பிறகு மறுநாள் பதினோரு மணிதான்.

அன்று வியாகுலம்மாள் தண்ணீர் கேட்டாள். கேட்டவள், கௌசல்யாவின் பின்னாலேயே சமையலறைக்கும் வந்துவிட்டாள். கௌசல்யா பிரிட்ஜைத் திறந்ததும் ஒரு பை காலடியில் விழுந்தது. உள்ளே வெண்டை, அவரை, போன வாரத்துக் கத்தரி, எல்லாம் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தன. அடுப்பில் தூசி படிந்திருந்தது.

"ஆக்குறதே இல்லியா தாயி?"

நாளையிலிருந்து இவள் படியேறமாட்டாள் என்று கௌசல்யாவுக்குத் தோன்றியது.

"காய்க்காக வாங்கலக்கா. வாங்கலைன்னா நீங்க வரமாட்டீகள்ல. ஒங்கள விட்டா எனக்குப் பேச ஆளில்ல."

வியாகுலம்மாள் விழுந்த பையை எடுத்து மேடையில் வைத்தாள். தரையில் உட்கார்ந்து, தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கௌசல்யாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் யாவாரத்த விட்டே நாலு மாசமாச்சு தாயி."