நாலாவது அடி

“சத்தியமா சொல்றேன்க்கா, இது ரெக்கேதான், ஜமைக்காக்காரங்க தாளம். வேற எதுவும் இல்ல.”

“போடா! ரெக்கேயாம் ரெக்கே. போன மாசம் வரைக்கும் லிஃப்ட்டுக்குள்ள ஓடற பாட்டைத் தவிர உனக்கு என்ன தெரியும்?”

அரங்கத்தின் கதவு திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வெயில் இறங்கவில்லை. வரிசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நர்ஸ். கூட நின்றவன் அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்குப் பின்னால், தலைமுடியில் மாவு வெளுத்திருக்க, பேக்கரிக்காரர் ஒருவர் நின்றார்.

எல்லோரும் காத்திருந்தது ‘கொசுவலை’க்காக. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தாங்களே எழுதி, தாங்களே பதிவு செய்து வெளியிடுகிற நாலு பேர் கொண்ட ராக் குழு. புதிதாக ஆறு பாட்டு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் தகராறு மூன்றாவது பாட்டில்.

தம்பி இரும்புத் தடுப்பில் விரலால் தட்டிக் காட்டினான். “டொக், டொக், டொக்... பாரு, நிக்குது... இன்னும் நிக்குது... டொக்! நாலாவது அடி வர வேண்டிய இடத்துல வரல பாத்தியா? ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்டு, அப்புறம் மனசு மாறிக் கிளம்பற மாதிரி. ரெக்கேல இப்படித்தான்.”

“முதல் பாட்டு ப்ளூஸ், ஒத்துக்கறேன். அஞ்சாவது பங்க் ராக், காது கிழியுது. ஆனா இது எதுலேர்ந்தும் எடுத்ததில்லடா. இது இதயம். வார்டுல மெஷின்ல தினமும் பாக்கறேன். மூணு துடிப்பு ஒழுங்கா வரும், நாலாவது வராது. அது வர்ற வரைக்கும் நாங்க யாரும் மூச்சு விட மாட்டோம். வந்ததும், யாருக்குன்னே தெரியாம மனசுக்குள்ள ஒரு நன்றி சொல்லுவோம். அந்த நன்றிதான் இந்தப் பாட்டு.”

தம்பி ஆள் சேர்க்கப் பின்னால் திரும்பினான்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. ரெக்கேயா, ஆஸ்பத்திரியா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. அந்தப் புதுப் பாட்டெல்லாம் நான் கேட்டதில்ல.”

“கேக்காமலேயா வரிசையில நிக்கறீங்க?”

“அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதான் வந்தேன்.”

“ஆட்டோகிராஃப் வேணுமா?”

“இல்லப்பா. மன்னிப்புக் கேக்கணும்.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“நானும் அவங்களும் ஒரே கட்டடத்துல குடியிருந்தோம். எனக்கு ராத்திரி பூரா பேக்கரியில வேலை, பகல்லதான் தூக்கம். அவங்களுக்குப் பகல்லதான் பயிற்சி. ரெண்டு வருஷம் ஓட்டினேன். முடியல. ‘ஒண்ணு அவங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்’னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவங்களைக் காலி பண்ண வச்சிட்டார்.”

“அட! கொசுவலையைக் கிழிச்ச புண்ணியவான் நீங்கதானா?”

“டேய், வாயை மூடு. நீங்க சொல்லுங்கண்ணே.”

“சாமான் இறக்கற அன்னைக்கு மழைம்மா. ஜன்னல் வழியா பாத்தேன். ஒருத்தன் தன் சட்டையைக் கழட்டி டிரம்முக்குப் போத்திட்டு, அவன் வெறும் உடம்போட நனைஞ்சிட்டு நின்னான். அன்னையிலேர்ந்து வீட்டுல ஒரு சத்தம் இல்ல. தூக்கமும் இல்ல. போன வாரம் பேக்கரி சுவத்துல போஸ்டர் ஒட்டினாங்க, படத்துல அதே பசங்க. திட்டினாலும் வாங்கிக்கலாம்னு வந்துட்டேன்.”

“திட்ட மாட்டாங்கண்ணே. பாட்டு முடியட்டும், நானே உங்களை உள்ள கூட்டிட்டுப் போறேன்” என்றாள் நர்ஸ்.

கதவு திறந்தது. இரண்டு பாட்டு முடிந்ததும் டிரம்மர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான். அந்தச் சட்டைக்காரன்தான். பேக்கரிக்காரர் இருக்கையில் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தார்.

“அடுத்த பாட்டோட தாளம் எங்கேர்ந்து வந்ததுன்னு எல்லாரும் கேக்கறீங்க. ரெக்கேங்கறீங்க, ஜாஸுங்கறீங்க. அதெல்லாம் இல்லீங்க. நாங்க மாடியில வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டுல ஒரு அண்ணன் இருந்தார். நாங்க வாசிக்க ஆரம்பிச்சா போதும், அவர் கீழேர்ந்து தாளம் போட ஆரம்பிச்சுடுவார். ரெண்டு வருஷம், ஒருநாள் தவறினதில்ல. எங்களை ஒரு ஆளும் கேக்காத காலத்துல எங்களுக்குன்னு இருந்த முதல் ரசிகர் அவர்தான். வீட்டைக் காலி பண்ணச் சொன்னப்பகூட, வீடு போச்சேன்னு நாங்க அழல, அவரை விட்டுட்டுப் போறோமேன்னுதான் அழுதோம். முகம்கூடப் பாத்ததில்ல. அண்ணே, எங்க இருந்தாலும் நல்லா இருங்க. ரொம்ப நன்றிண்ணே!”

அரங்கம் அதிரக் கைதட்டியது. தம்பி எழுந்து நின்று விசிலடித்தான். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள்.

“அதே கட்டடம்தானேண்ணே? அந்தக் கீழ்வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா? பாட்டுன்னா அவருக்கு அவ்வளவு உசுரா?”

பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கூட்டம் மொத்தமும் சேர்ந்து மூன்று முறை கைதட்டி நிறுத்தியது. நாலாவது அடிக்காக இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

ஒட்டடைக் கம்பால் மேற்கூரையை மூன்று முறை ஓங்கி இடித்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டி, விடிய விடிய மாவு பிசைந்த கை விட்டுப்போக, கம்பை அடுத்த கைக்கு மாற்றி நாலாவது முறை இடிக்க, அந்தக் கீழ்வீட்டில் அவருக்கு தினமும் சரியாக அவ்வளவு நேரம்தான் பிடித்தது.