கடுகளவு கறுப்பு

ரப்பர் கையுறையை ஊதி, முடிச்சுப் போட்டு, பேனாவால் இரண்டு கண் வைத்து நீட்டினார் டாக்டர் வைஜயந்தி. ஐந்து விரலும் கொண்டையாக நிற்க, கையுறை கோழியாகிவிட்டது.

எக்ஸ்ரே நாற்காலியில் அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயது ஸ்ரீப்ரியா அழுகையை நிறுத்தினாள். “எங்கிட்ட இதே மாரி இன்னொன்னு கீது. காத்து போயிடுச்சி” என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. திரையில் படம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“இது பால் பல். அதுக்கு அடியில, ஈறுக்குள்ள புதுப் பல் இருக்கு பாருங்கம்மா. வெளியில வர்றதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள அரிச்சுடுச்சு.”

நகரியிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதி வந்திருந்த தேவசேனாவுக்கு, தறிக்குப் போகிற அவசரத்தில், மிட்டாயைக் கொடுத்து மகளின் வாயை அடைத்த நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

“முட்டாய் துன்னதாலயா மேடம்?”

“இன்னும் முளைக்காத பல்லுல மிட்டாய் எப்படிம்மா படும்? உங்க தப்பு இல்ல.”

தேவசேனா பையிலிருந்து ஒரு சின்ன எக்ஸ்ரே பிலிமை எடுத்தாள். “ரெண்டு வருசத்துக்கு முந்தி, இஸ்கூல் கேம்ப்புல எடுத்தது. பத்திரமா வெச்சிக்கினு இருந்தேன். ஒண்ணுமில்ல, கூட்டிக்கினு போங்கன்னு…”

டாக்டர் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். அதே பல். அதன் நடுவில் கடுகளவு கறுப்பு, பளிச்சென்று தெரிந்தது.

அவருக்கு வந்ததே கோபம்! “இதைப் பாத்துட்டா ஒண்ணுமில்லன்னாங்க? அப்பவே கவனிச்சிருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாமே. இப்ப எடுக்கறதைத் தவிர வேற வழியே இல்ல.”

“எதனா பண்ணுங்க மேடம். இன்னும் மொளைக்கவே இல்லியே…” தேவசேனா கெஞ்சினாள்.

“இனிமே யார் கையிலயும் ஒண்ணும் இல்லம்மா.” கோபம் டாக்டருக்கு அடங்கவே இல்லை. “அந்த டாக்டர் யாருன்னு சொல்லுங்க. ஒரு நிமிஷம் உத்துப் பாக்க முடியாதவங்க எதுக்குப் படிச்சாங்க?”

“வேணாம் மேடம். ரொம்ப நல்லவங்க. அன்னிக்கி முந்நூறு புள்ளைங்க வரிசையில நின்னுக்கினு இருந்திச்சிங்க.”

“முந்நூறோ மூவாயிரமோ, போனது உங்க பொண்ணோட பல்லும்மா! பேரைச் சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

தேவசேனா மகள் மடியில் கிடந்த கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தலையை நிமிர்த்தினாள்.

“நீங்கதான் மேடம். அதான் உங்களையே தேடிக்கினு வந்தேன்.”