சாண் அளவுச் சட்டம்

"ஒரு வருசமா உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுகினு கீறோம் மாமு. மீனு இன்னும் சுண்டுவெரலு சைசுலதான் கீது. நாளைக்கிக் கூழு ஊத்தறோம். வலைய எறக்கிட வேண்டியதுதான்" என்றான் ஹுமாயூன்.

வியாசர்பாடிக் குட்டைக் கரையில் கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வேலப்பன் மட்டும் ஆட்டவில்லை.

போன வருஷம் சர்க்கார் ஆட்கள் இருவர் தகர டின்களில் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து குட்டையில் கொட்டினார்கள். "யாரும் பிடிக்கக் கூடாது" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வேலப்பன்தான் அதைச் சட்டமாக்கினான். மீன் ஒரு சாண் வளரும்வரை தூண்டில், வலை, துண்டு எதுவும் தண்ணீரில் படக் கூடாது. உள்ளதைச் சொன்னால், அவன் கண்ணில் நின்றதெல்லாம் சாண் நீளக் கெண்டையும் மாங்காய் போட்ட குழம்பும்தான்.

"இன்னும் ஆறு மாசம் பொறுங்கப்பா. குஞ்சயே தின்னுட்டா அப்பால மீனுக்கு எங்க போறது?"

"அதுவரிக்கும் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது அண்ணாத்தே?" என்றாள் எதிர்வீட்டு மலர்க்கொடி. "போன ஆடியில வூட்டுக்கு வூடு குளிர் காய்ச்சல். உன் பொண்ணு அம்மு பொழைக்குமான்னு பக்கத்துலயே குந்திகினு இருந்தோம். இந்த வருசம் ஒரு புள்ள படுக்கல. ஆத்தா மனசு குளிர்ந்து கீது. கூழோட மீன் கொழம்பும் வச்சிக் கும்புட வேணாமா?"

"எங்க வூட்லயும் தர்காவுல சக்கர வச்சி ஓதிட்டு வந்துட்டாங்க" என்றான் ஹுமாயூன். "நன்றின்னு ஒண்ணு கீதில்ல மாமு?"

செத்துப் பிழைத்த பிள்ளை அம்மு. அவளைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு நாலு மீன் தரமாட்டேன் என்று வேலப்பன் எந்த வாயால் சொல்வான்? வலையை இறக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். கடைசியாக அவனும் தூக்கினான்.

மறுநாள் காலை ஹுமாயூன் இடுப்பளவுத் தண்ணீரில் வலையை விரிக்கும்போது, சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"வலையை எடுங்க முதல்ல" என்றவர், குட்டை நிறைய மின்னிய மீன்களைக் கண்டு கரையிலேயே குந்திக் குனிந்து பார்த்தார். "நாங்க மீன் விட்ட மத்த குட்டையில எல்லாம் ஒரே மாசத்துல வாரிட்டாங்க. இங்கே யாருங்க காப்பாத்தினது?"

எல்லோரும் வேலப்பனைக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

குழம்பை நினைத்துக் காத்தவனுக்குக் கும்பிடா என்று வேலப்பன் கூசிப்போனான். "அது கெடக்கட்டும் சார். எப்பதான் இது ஒரு சாண் வளரும்?"

"வளராதுங்க, இவ்வளவேதான். கொசுப் புழுவைத் தின்னுறதுக்காக விட்ட மீன் இது. உங்க பிள்ளைங்களுக்கு இந்த வருஷம் குளிர் காய்ச்சல் வராததே இதாலதான்."