மூன்றும் தொண்ணூறும்

"கண்ணை எங்கே வெச்சுக்கிட்டுச் செதுக்கினீங்க, ஹின்ஸ்? கடைசியில ஒன்பது, மூணுன்னு இருக்கணும். மூணு, ஒன்பதுன்னு இருக்கு!"

ஹெட்விக் புதுக் கல்லறைக் கல்லைக் குடையால் தட்டினாள். அவள் கணவர் டாக்டர் வெண்ட்டின் பெயருக்குக் கீழே, அவர் கண்டுபிடித்த இருபத்தேழு இலக்கப் பகா எண் பளபளவென்று நின்றது. பளபளத்து என்ன பிரயோஜனம்? எண்ணே தப்பு.

கல்தச்சர் ஹின்ஸ் அசரவில்லை.

"நீங்க போன்ல சொன்னதைத்தான் செதுக்கினேன், டாக்டரம்மா. ஒவ்வொரு இலக்கமா சொல்லிட்டு வந்து, கடைசி ரெண்டை மட்டும் சேர்த்து 'மூணும் தொண்ணூறும்'னீங்க. மூணுன்னதும் மூணு எழுதினேன். தொண்ணூறுன்னதும் பக்கத்துல ஒன்பது எழுதினேன்."

"ஜெர்மன் பாஷையில வேற எப்படிச் சொல்லுவாங்களாம்? பொறந்ததுலேர்ந்து ஒண்ணாம் இடத்தை முன்னால சொல்லித்தானே பழகியிருக்கோம்! அவர் எப்பவும் சொல்ற மாதிரியேதான் நானும் சொன்னேன். எழுதறப்போ மாத்தி எழுதணும்னு தெரியாதா?"

"அவசரத்துல காதுல விழுந்தபடியே எழுதிட்டேன். விடுங்கம்மா, ரெண்டு இலக்கம்தானே. யாரு பார்க்கப் போறா?"

ஹெட்விக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு பார்க்கப் போறாளா! நாளைக்கு இறந்தோர் ஞாயிறு. யுனிவர்சிட்டியே பூவும் மெழுகுவத்தியுமா இங்கே வந்து நிற்கும். கணக்கு மெஷினோட கைப்பிடியைச் சுத்திச் சுத்தியே அவருக்குத் தோள்பட்டை போச்சு. இந்த எண் எதாலயும் வகுபடாதுன்னு நிரூபிச்சார். அந்த ஓலண்டார்ஃப், துறைத் தலைவர்ங்கிற திமிர்ல, 'ஏழால வகுபடுதே'ன்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சான்! ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவரா என் வீட்டுக்காரர்? பேப்பரை நீட்டினார், அவன் வாங்கிக்கூடப் பார்க்கல. தலைவரே சொன்னப்புறம் வேற எவன் வகுத்துப் பார்ப்பான்? 'டாக்டர் ஏழு'ன்னு பட்டப்பேர் வெச்சானுங்க. அந்த அவமானத்துலயே போய்ச் சேர்ந்தார், பாவி மனுஷன்."

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"என்ன டாக்டரம்மா, கல்லறையில சத்தம்?"

திரும்பினாள். சாட்சாத் ஓலண்டார்ஃப். தன் மனைவியின் கல்லறையில் வைக்க ஒரு மலர் வளையம் கையில்.

"உங்களால செத்தவரோட எண்ணுக்காகத்தான் சண்டை, புரொபசர். வந்த வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்க!"

அவர் போகவில்லை. குனிந்தார். கைத்தடியின் நுனியை ஒவ்வோர் இலக்கமாக நகர்த்தி, முணுமுணுத்துக்கொண்டே போனார். கடைசி இலக்கம் வந்ததும் நிமிர்ந்தார். முகத்தில் அதே பழைய சிரிப்பு. அதைப் பார்க்க ஹெட்விக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மீதி பூச்சியம். கல்லுல வெட்டி வெச்சாலும் ஏழால வகுபடத்தான் செய்யுது."

"இது தப்பா வெட்டின..."

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கு வெண்ட் என்கிட்டச் சொன்ன அதே எண்தான் இது. சொல்லச் சொல்ல என் கையாலயே எழுதி வகுத்தேன், மறக்குமா? கடைசி மூணு, ஒன்பது வரைக்கும் ஓர் இலக்கம் மாறல."

ஹெட்விக்கின் கோபம் சட்டென்று நின்றது. ஹின்ஸைப் பார்த்தாள். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"புரொபசர், அவர் உங்ககிட்ட நேர்லயா சொன்னார்?"

"இல்ல, போன்லதான். ஏன் கேக்கறீங்க?"