யாருக்கு எந்த வீடு?

"எந்த வீடு எனக்குன்னு சொல்லாம இனி ஒரு குழாயக்கூட நான் தொட மாட்டேன், ஆமா!"

நாகலெட்சுமி பிடித்திருந்த கயிற்றைக் கீழே போட்டாள். நல்லவேளை, மற்ற மூவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அந்தக் கொங்கிரீட் குழாய் சரிவில் உருண்டு ஓடையில்தான் போய் விழுந்திருக்கும்.

"மொதல்ல குழாயப் பதிச்சு மண்ண மூடுவோம் தங்கச்சி. பொறவு சீட்டெடுப்போம்" என்றார் தோட்டத் தலைவர் வீரய்யா.

ஒரு மாதமாக அவர் பாடுவது இந்த ஒரே பாட்டுத்தான்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. குடியிருந்த லயம் எரிந்துபோனதிலிருந்து பத்துக் குடும்பங்களும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அடைந்து கிடந்தன. அவர்களுக்காகச் சரிவில் பத்து வீடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக எழும்பிவிட்டன. மிச்சம் இருந்தது தண்ணீர் வடியும் கான் வேலைதான். மேலே ரோட்டோரம் தொடங்கிக் கீழே ஓடைவரை குழாய் பதிக்க வேண்டும். குழாய் வந்து இறங்கிவிட்டது. பதிப்பதற்குக் கூலி கிடையாது, வீட்டுக்காரர்களே சிரமதானமாகச் செய்ய வேண்டும்.

ரோட்டிலிருந்து ஒவ்வொரு குழாயாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஓடைப் பக்கமிருந்து பதித்துக்கொண்டே ஏறி, இப்போது பாதிச் சரிவுக்கு வந்திருந்தார்கள். எந்த வீடு யார் தலையில் விழுமோ தெரியாது. அதனால் ஒவ்வொரு பொருத்தையும் ஆளுக்கு ஆள் குனிந்து பார்த்துத்தான் சீமெந்து பூசினார்கள்.

"சீட்டுன்னு ஒன்னு இருக்கா தலைவரே? இல்ல, பொஞ்சாதிக்கு நடக்க ஏலாதுன்னு சொல்லி ரோட்டோர வீட்ட நீங்களே அமுக்கப் பாக்குறீங்களா?" நாகலெட்சுமி விடுவதாயில்லை. "எம் மக சர்மிளாவுக்கு இது நெறமாசம். வலி எடுத்தா ரோட்டுக்கிட்ட இருந்தாத்தானே ஆட்டோ புடிக்கலாம்? எனக்கு எந்த வீடுன்னு தெரியணும்!"

"அக்கா கேக்குறது ஞாயந்தானே" என்றான் நல்லமுத்து. அவனும் பத்தில் ஒரு வீட்டுக்காரன்.

வீரய்யா குனிந்தார். நாகலெட்சுமி போட்ட கயிற்றை எடுத்துத் தன் தோளில் சுற்றிக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மடியில் கனமில்லாத மனுசன் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

அந்த நேரம் பார்த்து மேலே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வீட்டு வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். நாகலெட்சுமி மூச்சு வாங்க ரோட்டுக்கு ஏறினாள்.

"ஐயா, நீங்களே கேளுங்க. சீட்ட ஒளிச்சு வச்சிக்கிட்டு எங்கள மாடா வேல வாங்குறாரு தலைவரு. ரோட்டோர வீட்டக் களவெடுக்கத்தான் இம்புட்டும்!"

பரமலிங்கம் ஹெல்மட்டைக் கழற்றினார்.

"களவெண்டு மட்டும் சொல்லாதேங்கோ அம்மா. அந்த மனுசன் இதுவரைக்கும் வாங்கின ஏச்சு போதும்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சீட்டெல்லாம் போன மாசமே எங்கட கந்தோரில வைச்சு எடுத்தாச்சு. அவரும் நிண்டவர்."

"என்னது!"

"ரோட்டோர வீட்டை மட்டும் சீட்டில போடேல்லை. வீரய்யாட மனுசி நடக்க ஏலாதவ எண்டு அதை அவைக்கே குடுத்தாச்சு."

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல!" கீழே பார்த்துக் கத்துவதற்காக அவள் திரும்பினாள்.

"நில்லுங்கோ அம்மா. மேல் வீட்டில தண்ணி எங்க நிக்கப்போகுது? அவருக்கு இந்தக் குழாய் என்னத்துக்கு?"

நாகலெட்சுமி நின்றாள்.

"போன வருசம் இன்னொரு தோட்டத்தில வீட்டை முதலே சொல்லிப்போட்டம். அடுத்த நாள் மேல் வீட்டுக்காரர் ஒருத்தரும் வேலைக்கு வரேல்லை. குழாய் பாதியில நிண்டுபோச்சு. மழைக்கு அவ்வளவு வீட்டுத் தண்ணியும் சேறும் கடைசி வீட்டுக் குசினிக்குள்ள, அடுப்படி வரைக்கும். இதை நான் சொல்லக் கேட்டுத்தான், 'மண்ணு மூடுற வரைக்கும் சொல்லாதீங்க ஐயா, ஏச்ச நான் வாங்கிக்கிறேன்' எண்டவர் வீரய்யா."

நாகலெட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எவ்வளவு பேச்சுப் பேசியிருக்கிறாள்! ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப... எனக்கு எந்த வீடுங்க ஐயா?"

பரமலிங்கம் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை நீட்டி, ஓடையோரமிருந்த கடைசி வீட்டைக் காட்டினார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில்தான் சர்மிளா பிள்ளையைக் கிடத்தப்போகிறாள். மேலே ஒன்பது வீட்டுத் தண்ணீர். மலைப் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் இறங்கி வந்ததும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா என்னக்கா சொன்னாரு? யாருக்கு எந்த வீடாம்?" என்று முந்திக்கொண்டான் நல்லமுத்து. "இன்னைக்குச் சொல்லாட்டி நாங்களும் வேலைய விட்டுட்டுப் போறோம்."

வீரய்யாவின் முகம் வெளுத்துப்போனது. அவர் நாகலெட்சுமியையே பார்த்தார்.

நாகலெட்சுமி அவர் தோளிலிருந்த கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சீட்டு இன்னும் எடுக்கவே இல்லயாம். குழாய மூடின பொறவுதானாம்" என்றாள். "நம்ம தலைவரு என்னைக்குடா பொய் சொல்லியிருக்காரு? புடிங்க கயித்த!"