எந்தக் கடற்கரை?

"ஞாயித்துக்கெழம மகாபலிபுரம் போலாமா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"ஒரே கூட்டமா இருக்கும்," என்றான் அவள் கணவன் திருமலை.

"கோவளம்?"

"வெயில் கொளுத்தும். நீ கம்பெனி பொண்ணுங்களோட போய்ட்டு வா."

கல்யாணமான புதிதில் மாதம் தவறாமல் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனவன் அவன்தான்.

"அப்போ மெரினா."

"அந்த மணல்ல நான் எப்டி வர்றது?"

"அலை கிட்ட வரைக்கும் வீல்சேர் போறதுக்குப் பலகையில பாதை போட்டுக்கீறாங்க. போன ஞாயிறு கம்பெனில ஓவர்டைம்னு உன்னாண்ட பொய் சொல்லிட்டு, நானே போய் கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டு வந்தேன்."

ஒரகடம் சாலையில் லாரி மோதி இரண்டு கால்களும் போன பிறகு, மூன்று வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர அவன் எங்குமே போனதில்லை. நாற்காலியை மெல்ல அவள் பக்கம் திருப்பினான்.

"எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"